வில்லர்டில் பேய் தேடும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள யூடியூப் தம்பி தங்கைகளே,

உலகத்தின் பயங்கரமான பேய் ஆஸ்பத்திரிகள் என்று நீங்கள் வரிசை போட்டு வெளியிடும் வீடியோக்களை நானும் பார்க்கிறவன்தான். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வில்லர்ட் மனநோய் மருத்துவமனை அந்த வரிசையில் அடிக்கடி வருகிறது. ஆளில்லாத நீண்ட தாழ்வாரம், சுருள்சுருளாக உரிந்து தொங்கும் சுவர்ப்பூச்சு, துருப்பிடித்த இரும்புக் கட்டில், பின்னணியில் ஒரு பெண் சிரிக்கிற சத்தம். அந்தச் சிரிப்பை எங்கிருந்தோ இறக்கி ஒட்டியிருக்கிறீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். பேய் உண்டா இல்லையா என்று வழக்காட நான் வரவில்லை. ஊருக்கு ஊர் புளியமரத்தில் பேய் இருந்த நாட்டில் பிறந்தவர்கள் நாம். அந்தப் பேய்களால் யாருக்கும் மானநஷ்டம் இல்லை. வில்லர்டில் நீங்கள் பேய் என்று காட்டுகிறவர்களுக்கோ பெயரும் ஊரும் இருந்தன, பெட்டி படுக்கை இருந்தது, சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இருந்தது. அவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில், கையை விரித்து வைத்ததுபோல் நீளநீளமாகப் பதினொரு ஏரிகள் கிடக்கின்றன. ஃபிங்கர் லேக்ஸ் என்று பெயர். அவற்றில் ஒன்றான செனெகா ஏரியின் கிழக்குக் கரையில், ஓவிட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், 1860-இல் மாநில அரசு ஒரு வேளாண்மைக் கல்லூரி திறந்தது. அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. ஆசிரியரும் மாணவரும் போருக்குப் போனார்கள், கல்லூரி படுத்துவிட்டது. நல்ல மண், ஏரித் தண்ணீர், படகுத்துறை எல்லாம் இருந்தும் ஆள் இல்லாமல் கிடந்த அந்த நிலத்தில்தான் பின்னால் மருத்துவமனை எழுந்தது.

அதற்கு முன்னால் மனநோயாளிகள் எங்கே இருந்தார்கள்? நியூயார்க் மாநிலத்துக்கு யூட்டிகா நகரில் 1843 முதல் ஒரு மனநோய் மருத்துவமனை இருந்தது. நோய் புதிதாகப் பிடித்தவர்களைக் குணமாக்கி அனுப்புவது அதன் நோக்கம். இரண்டு ஆண்டுக்குள் தெளியாதவர்களை அவரவர் கவுன்டிக்கு, அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதிக்கு, திருப்பி அனுப்பிவிடுவார்கள். கவுன்டியில் அவர்களுக்குக் காத்திருந்தது ஏழையர் விடுதி. நாதியற்ற கிழவர், அநாதைக் குழந்தை, குடிகாரர், பிள்ளைத்தாய்ச்சி, கண் தெரியாதவர் எல்லோரையும் ஒரே கூரையில் அடைத்து, குறைந்த செலவில் சோறு போடும் இடம். மனநோயாளிகளுக்கு அங்கே நிலவறையும் கொட்டகையும்தான். டாரத்தியா டிக்ஸ் என்ற அம்மையார் இந்த விடுதிகளை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து 1844-இலேயே சட்டமன்றத்துக்கு முறையிட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

இருபது ஆண்டு கழித்து, மாநில மருத்துவர் சங்கத்தின் செயலாளர் சில்வெஸ்டர் வில்லர்டிடம் கணக்கெடுப்பை ஒப்படைத்தார்கள். அவர் கேள்விப் பட்டியல் ஒன்று தயாரித்துக் கவுன்டி கவுன்டியாக அனுப்பினார். உள்ளூர் மருத்துவர்கள் நேரில் போய்ப் பார்த்து விடை எழுதினார்கள். எத்தனை பேர், எத்தனை பேருக்கு விலங்கு, குளிக்க வழி உண்டா, குளிர்காலத்தில் தீ உண்டா, படுக்க என்ன என்று கேட்டிருந்தார். ஏழையர் விடுதிகளில் 1,300-க்கும் மேற்பட்ட மனநோயாளிகள் இருப்பது தெரிந்தது. வைக்கோலில் கிடப்பவர்கள், ஆண்டுக்கணக்கில் சங்கிலியில் இருப்பவர்கள், உடுப்பே இல்லாதவர்கள். 1865 தொடக்கத்தில் அறிக்கை சட்டமன்றத்துக்குப் போனது, குணமாகாத மனநோயாளிகளுக்கென்று மாநில அரசே ஒரு மருத்துவமனை கட்டும் சட்டம் ஏப்ரலில் நிறைவேறியது. அதைப் பார்க்க வில்லர்ட் இல்லை. அதே மாதத் தொடக்கத்தில் இறந்துவிட்டார். ஆகவே மருத்துவமனைக்கு அவர் பெயரை வைத்தார்கள். உங்கள் வீடியோக்களில் வில்லர்ட் என்றாலே ஏதோ கொடூரமான டாக்டர் என்கிற தொனி இருக்கிறது. அந்த மனிதர் அங்கே ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. சங்கிலிகளை எண்ணிக் கணக்குக் கொடுத்தவர் அவர்.

இனி உங்களுக்குப் பிடித்த சங்கிலிக்கு வருவோம். 1869 அக்டோபர் 13-ஆம் தேதி செனெகா ஏரியில் ஒரு நீராவிப் படகு வந்து நின்றது. வில்லர்டின் முதல் நோயாளி அதில் இருந்தார். மேரி ரோட் என்று பெயர். கொலம்பியா கவுன்டி ஏழையர் விடுதியில், கட்டிலும் இல்லாமல் உடுப்பும் இல்லாமல், பத்தாண்டு காலம் ஓர் அறையில் சங்கிலியில் கிடந்தவர். அதே நாளில் ஆண்கள் சிலரும் விலங்கோடு வந்தார்கள். ஒருவரைக் கோழிக்கூண்டு மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். முதல் கண்காணிப்பாளரான டாக்டர் ஜான் சேப்பினின் ஆட்கள் அவர்களுடைய விலங்குகளைக் கழற்றினார்கள், வெந்நீரில் குளிப்பாட்டினார்கள், துணி கொடுத்து, சோறு போட்டு, கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

ஆக, உங்கள் படத்தில் இந்தக் கட்டடத்துக்குள் குலுங்குகிற சங்கிலி, உண்மையில் அதன் வாசலில் அறுக்கப்பட்டது. பேய்க் கதைக்கு இது ஒத்துவராது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கோ இதுதான் இந்தக் கதையின் மிகவும் கலவரமூட்டும் இடம். இரக்கத்தில் பிறந்த இடம் அது. இரக்கத்தில் பிறந்த இடத்தில் 54,000 பேர் நுழைந்து, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியே வராமலே செத்தது எப்படி என்று ஒரு வீடியோவாவது கேட்டிருக்கிறதா?

கேட்டவர்கள் அப்போதே இருந்தார்கள். அமெரிக்க மனநோய் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களின் சங்கம் 1866-இல் வாஷிங்டனில் கூடியபோது வில்லர்ட் திட்டம் பெரிய சண்டையாக வெடித்தது. பென்சில்வேனியாவின் தாமஸ் கர்க்பிரைட், யூட்டிகாவின் ஜான் கிரே போன்ற பெருந்தலைகள் எதிர்த்தார்கள். அவர்கள் வாதம் எளிமையானது. குணமாகாதவர்களுக்கென்று தனி இடம் கட்டினால், அங்கே அனுப்புகிறபோதே அந்த நோயாளியை நாம் கைவிட்டுவிட்டோம் என்று ஆகிவிடும். குணமாக்கும் கடமை இல்லாத இடத்தில் மருத்துவமும் தேய்ந்து, வெறும் காவல்தான் மிஞ்சும். சேப்பின் தரப்பு பதில் சொன்னது: நீங்கள் கைவிட்டவர்கள்தானே இன்றைக்குச் சங்கிலியில் கிடக்கிறார்கள், அவர்களுக்குக் கட்டிலாவது கிடைக்கட்டும். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. கர்க்பிரைட் இறந்த பிறகு, 1884-இல் அவருடைய பென்சில்வேனியா நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் இதே சேப்பின்தான் என்பது வரலாற்றின் குறும்பு.

எதிர்த்தவர்கள் சொன்னது நடந்தது. 1877 வாக்கில் 1,500 பேரோடு வில்லர்ட் அமெரிக்காவின் மிகப் பெரிய மனநோய் மருத்துவமனையாகிவிட்டது. 1890-இல் மாநிலம் இன்னொரு நல்ல சட்டம் போட்டது. மனநோயாளிகள் அனைவரையும் இனி மாநில அரசே பராமரிக்கும், கவுன்டிகள் செலவு செய்ய வேண்டாம் என்றது சட்டம். கவுன்டி அதிகாரிகள் கணக்குத் தெரிந்தவர்கள். விடுதியில் இருந்த கிழவர் கிழவிகள் எத்தனையோ பேரை, மறதி உள்ளவர், தடுமாறுகிறவர் என்று சொல்லி மனநோயாளி ஆக்கி மாநிலத்தின் தலையில் கட்டினார்கள். முதியோர் இல்லத்தின் வேலையை மனநோய் மருத்துவமனை செய்ய வேண்டியதாயிற்று. இதை ஜெரால்ட் க்ரோப் என்ற வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியிருக்கிறார். பென்சிலின் வருவதற்கு முன்பு, மூளையைத் தாக்கிய மேகநோயால் பைத்தியம் பிடித்தவர்கள் வேறு ஒவ்வொரு மாநில மருத்துவமனையிலும் வார்டு வார்டாக இருந்தார்கள். கப்பலிலிருந்து இறங்கி, ஆங்கிலம் தெரியாமல், துணை யாரும் இல்லாமல், ஒரு கெட்ட நாளில் தெருவில் கத்தியதால் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வில்லர்டில் ஒரே நேரத்தில் 4,000 பேருக்கு மேல் இருந்தார்கள். நம் பக்கத்தில் ஒரு பெரிய கிராமத்தின் மக்கள்தொகை.

அந்த ஊருக்கு வேண்டியதையெல்லாம் அதுவே விளைவித்துக்கொண்டது. பண்ணை, மாட்டுக்கொட்டில், தையற்கூடம், செருப்புத் தைக்கும் கூடம், சலவைக்கூடம், ரயில் பாதையின் ஒரு கிளை. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள். கூலி கிடையாது, வேலையே மருந்து என்று சொல்லிக்கொண்டார்கள். மண்ணிலும் மாட்டோடும் வேலை செய்வது சிலருக்கு நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உருளைக்கிழங்கு நன்றாகத் தோண்டுகிற நோயாளியைக் குணமாகிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்ப எந்தப் பண்ணை மேலாளருக்கு மனம் வரும்? மருத்துவமனை நோயாளிகள் செய்யும் வேலைக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்று 1973-இல்தான் வாஷிங்டனில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பைக் கேட்ட பல மருத்துவமனைகள் கூலி கொடுப்பதற்குப் பதிலாக வேலையையே நிறுத்திவிட்டன.

இப்போது பரணுக்குப் போவோம். 1995-இல் வில்லர்டை மூடினார்கள். கட்டடங்களில் உள்ள பொருள்களில் எதைக் காப்பாற்றலாம் என்று மாநில அருங்காட்சியகத்தின் காப்பாளர் கிரெய்க் வில்லியம்ஸ் வந்து பார்த்தபோது, ஓர் ஊழியர் வழிகாட்ட, ஒரு கட்டடத்தின் பரணில் பெட்டிகள் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. சூட்கேஸ், டிரங்குப் பெட்டி, தோல்பை, மரப்பெட்டி என்று 400-க்கும் மேல். 1910 முதல் 1960-கள் வரை வந்த நோயாளிகள் கையோடு கொண்டுவந்தவை. வாசலில் வாங்கி, சீட்டு ஒட்டி, மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். திரும்பப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அவர்கள் போகவில்லை, பெட்டியும் போகவில்லை.

நீங்களும் இந்தப் பெட்டிகளைக் காட்டுகிறீர்கள், மறுக்கவில்லை. மங்கலான பொம்மை ஒன்றைப் பக்கத்தில் வைத்து, அதன் கண் திறப்பது போலவும் காட்டுகிறீர்கள். உள்ளே என்ன இருந்தது என்று சொல்ல உங்களுக்கு நேரமில்லை. டார்பி பென்னி என்ற பெண்மணியும் பீட்டர் ஸ்டாஸ்ட்னி என்ற மனநல மருத்துவரும் சேர்ந்து, பெட்டிக்குரியவர்களின் மருத்துவக் கோப்புகளோடு அந்தப் பொருள்களை ஆண்டுக்கணக்கில் ஒத்துப் பார்த்தார்கள். 2004-இல் ஆல்பனி நகரில் உள்ள மாநில அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைத்தார்கள், 2008-இல் புத்தகமும் வந்தது. அதற்குப் பிறகு ஜான் கிரிஸ்பின் என்ற புகைப்படக் கலைஞர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து படமெடுத்தார். இனி நான் சொல்கிறவற்றில் பெரும்பகுதி பென்னியும் ஸ்டாஸ்ட்னியும் தோண்டியெடுத்தது.

ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்கா வந்து, காசநோய் மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு செவிலி. அவருக்கே காசநோய் வந்தது. 1941-இல் அங்கிருந்து வில்லர்டுக்கு மாற்றினார்கள். பெட்டியும் டிரங்கும் அட்டைப்பெட்டியுமாகப் பதினெட்டு உருப்படிகள் அவர் பெயரில் பரணில் கிடந்தன. ஒரு முழு வீட்டுச் சாமான். சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டு, விடுமுறைக்கு ஊர் சுற்றி, போட்டோ எடுத்துக்கொண்ட, சம்பாதிக்கிற பெண். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வில்லர்டில் இருந்து அங்கேயே இறந்தார்.

அடுத்தவர் பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து படிக்கும் ஆசையோடு வந்த இளைஞர். பஃபலோ நகரில் ஒரு வீட்டில் எடுபிடி வேலை. முதல் உலகப் போர்க் காலத்தில் வில்லர்டுக்குள் போனவர் 1981 வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். இரண்டு உலகப் போர் முடிந்து, அவருடைய நாடு சுதந்திரம் அடைந்து, நிலவில் மனிதன் நடந்து திரும்பியும், அவர் வார்டிலேயே இருந்தார். பெட்டிக்குள் இளவயதுப் புகைப்படங்களும் கடிதங்களும்.

மூன்றாமவர் கறுப்பினப் படைவீரர். இரண்டாம் உலகப் போரில் சேர்ந்து, உடல்நலக் காரணத்தால் விடுவிக்கப்பட்டவர். 1945-இல் புரூக்ளினில் ஓர் உணவுக்கடையில் உடைந்த தட்டில் சாப்பாடு வைத்தார்கள். கோபத்தில் வெளியே வந்து குப்பைத் தொட்டியை எட்டி உதைத்துக் கத்தினார். போலீஸ் வந்தது. அந்த ஒரு மாலைக்குப் பிறகு, சாகும்வரை மருத்துவமனை மாற்றி மருத்துவமனை. 1945-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கறுப்பருக்கு உடைந்த தட்டில் சோறு வைத்தால் அதற்கு என்ன பொருள் என்று நமக்குப் புரியும். இரட்டைக் குவளை பார்த்த ஊர்க்காரர்கள் நாம். கோப்பில் அது நோயின் அறிகுறியாகப் பதிவானது.

இவர்களில் யாருக்குமே நோய் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வதும் ஒருவகை மலிவான பேய்க்கதைதான். டாக்டர்கள் எல்லோரும் வில்லன், நோயாளி எல்லோரும் அப்பாவி என்கிற கதை. பலருக்குக் குரல்கள் கேட்டன. பலர் உண்மையிலேயே தாங்கமுடியாத துன்பத்தில் வந்தார்கள். பென்னியும் ஸ்டாஸ்ட்னியும் சுட்டிக்காட்டுவது வேறு. வந்த நாளில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பை அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு யாரும் திரும்ப விசாரிக்கவே இல்லை. கோப்பில் ஆண்டுக்கு ஒரு வரி, அதே வரி. இத்தனைக்கும் அங்கே வேலை பார்த்தவர்கள் கொடூரர்கள் அல்லர். சுற்றுக் கிராமத்துக் குடும்பங்கள், தாத்தா அப்பா பேத்தி என்று தலைமுறையாக வந்தவர்கள். பெட்டிகளைக் குப்பையில் போடாமல் அகர வரிசைப்படி அடுக்கி வைத்ததும் அவர்கள்தானே.

குழி தோண்டியவரைப் பற்றிச் சொல்லாமல் வில்லர்டைப் பற்றிப் பேச முடியாது. லாரன்ஸ் மோக்கா. அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிலிருந்து பிழைக்க வந்து, நியூயார்க் நகரில் ஜன்னல் துடைக்கும் வேலை பார்த்தவர். 1918-இல் வில்லர்டுக்கு வந்தார். ஆரம்பத்தில் யாரோடும் பேச்சு இல்லை. 1930-களின் பின்பகுதியில் கல்லறை வேலை அவர் கைக்கு வந்தது. முப்பது ஆண்டு காலம், 1,500-க்கும் மேற்பட்ட குழிகளை மண்வெட்டியால் தோண்டினார். பக்க மட்டம் பிசகாத குழிகள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொள்ளவும் அவரை விட்டார்கள். 1968-இல், தொண்ணூறு வயதில் இறந்தார். அந்த மண்ணிலேயே அவரைப் புதைத்தார்கள். பெயர்க் கல் இல்லை.

அவருக்கு மட்டுமா? அந்தத் தோட்டத்தில் 5,776 பேர் புதைந்திருக்கிறார்கள். புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர், யூதர் என்று பகுதி பிரித்துப் புதைத்தார்கள். உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட வீரர்களுக்கு மட்டும் ஒழுங்கான கல். மற்றவர்களுக்கு எண் பொறித்த சின்ன அடையாளம். புல் வெட்டும் இயந்திரத்துக்கு இடைஞ்சல் என்று அவற்றிலும் பெரும்பாலானவற்றைப் பின்னாளில் எடுத்துவிட்டார்கள். இப்போது பார்த்தால் அது வெறும் புல்வெளி. நிலத்தடியில் யார் எங்கே என்ற பதிவேடு உண்டு. அதை வெளியிடச் சொல்லி உள்ளூர்க்காரர்கள் ஒரு குழு அமைத்துப் போராடினார்கள். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் இடம் கொடுக்காது, உறவினர் சம்மதம் வேண்டும் என்றது மாநில மனநல அலுவலகம். பென்னியும் ஸ்டாஸ்ட்னியும் தங்கள் புத்தகத்தில் எல்லோருக்கும் மாற்றுப்பெயர் வைக்க நேர்ந்ததும் இதனால்தான். நூறாண்டுக்கு முன் செத்தவரின் பெயரைச் சொன்னால் அவருக்கு அவமானம் என்று ஓர் அரசு நினைக்குமானால், மனநோயை அது இன்னும் அவமானமாகத்தான் கருதுகிறது என்பது என் கட்சி. மோக்காவின் உறவினரைத் தேடிக் கண்டுபிடித்துச் சம்மதம் வாங்கி, 2015-இல் அவர் பெயரில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள்.

வில்லர்ட் எப்படிக் காலியானது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1950-களின் நடுவில் குளோர்புரோமசின் மாத்திரை வந்தது. 1963-இல் அதிபர் கென்னடி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார்: பெரிய மருத்துவமனைகளுக்குப் பதிலாக, ஊருக்குள்ளேயே சிறிய மனநல மையங்கள். மருத்துவமனைகளைக் காலி செய்யும் வேலை மும்முரமாக நடந்தது, மையங்கள் கட்டும் வேலை பாதியில் நின்றது. வெளியே வந்தவர்களில் நல்லபடியாக வாழ்ந்தவர்கள் பலர். தெருவுக்குப் போனவர்களும் சிறைக்குப் போனவர்களும் உண்டு. இனி நடந்ததைக் கேளுங்கள். வில்லர்ட் மூடிய அதே 1995-இல், அதே வளாகத்தின் ஒரு பகுதியை மாநிலச் சிறைத்துறை எடுத்துக்கொண்டது. போதைப்பொருள் குற்றவாளிகளைப் பட்டாளத்துப் பாணியில் திருத்தும் முகாம், சுற்றிலும் வேலி. 2022 மார்ச்சில் அதுவும் மூடப்பட்டது. ஆக, வேளாண் கல்லூரி, ஆஸ்பத்திரி, சிறை. உங்கள் வீடியோவில் இந்தச் சிறை வருவதேயில்லை. போதை அடிமையும் நோயாளிதானே, அவரை ஏன் கம்பி வேலிக்குள் வைத்தார்கள் என்ற கேள்விக்கு அங்கே ஒலி விளைவு சேர்க்க முடியாது, அதனால் இருக்கலாம்.

பேய் வியாபாரம் நீங்கள் தொடங்கியதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பென்சில்வேனியாவில் பென்ஹர்ஸ்ட் என்ற இடம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை அடைத்து வைத்திருந்த நிறுவனம். கொடுமைகள் வழக்காகி 1987-இல் மூடப்பட்டது. 2010-இல் அந்தக் கட்டடத்திலேயே டிக்கெட் போட்டுப் பேய்வீட்டுக் கேளிக்கை நடத்தினார்கள். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் எதிர்த்தன. மேற்கு வர்ஜீனியாவின் வெஸ்டன் நகரில் 250 பேருக்காகக் கட்டி, 1950-களில் 2,400 பேரைத் திணித்த மருத்துவமனை ஒன்று 2007-இல் ஏலத்தில் போனது. இன்று அங்கே இரவு முழுக்கத் தங்கிப் பேய் தேடலாம், கட்டணம் உண்டு. அந்தக் காசில்தான் கூரை ஒழுகாமல் நிற்கிறது, இல்லையென்றால் எப்போதோ இடித்திருப்பார்கள் என்று அதை நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. கட்டடம் காப்பாற்றப்படுகிறது. கட்டடத்துக்குள் இருந்தவர்கள் மேல் பயம் ஏற்றப்படுகிறது. இரண்டையும் ஒரே சீட்டில் விற்கிறார்கள்.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்காதீர்கள். நீங்கள் பேசுவது தமிழில், கேட்பவர்கள் தமிழர்கள். சென்னையில் மனநல மருத்துவமனை இருப்பதாலேயே கீழ்ப்பாக்கம் என்ற ஒரு நல்ல ஊர்ப்பெயரை மூன்று தலைமுறைச் சினிமா நகைச்சுவை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, 28 மனநோயாளிகள் சங்கிலியோடு எரிந்து செத்தார்கள். மேரி ரோட்டின் சங்கிலி கழன்று 132 ஆண்டு ஆன பிறகு. ஆகவே மனநோயாளி என்றால் சங்கிலி, சிரிப்பு, அலறல் என்று நீங்கள் ஓட்டுகிற ஒவ்வொரு காட்சியும் நம் ஊரில் இன்னும் ஆறாத புண்ணில் விழுகிறது.

உங்கள் பார்வையாளர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி மறுநாள் காலை ஜில்லா ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு எடுக்கப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு ராத்திரி தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருப்பாள். அவளுக்கு உங்கள் வீடியோதான் வந்து நிற்கும். அவள் போகாமலிருந்தால், அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. இதை மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று தோன்றினால், உங்கள் பின்னூட்டங்களையே மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். "இவங்களையெல்லாம் வெளியே விடக்கூடாது" என்கிற ரகத்தில் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் உழைப்பு இருக்கிறது, குரல் இருக்கிறது, கதை சொல்லத் தெரிகிறது. பத்து நிமிஷம் ஒருவரைத் திரையில் கட்டிப்போடும் வித்தை பல பேராசிரியர்களுக்கு வாய்க்காதது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், அவர்களுக்கு எழுதவில்லை. பரணில் கிடந்த ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு வீடியோ போடுங்கள். அந்தச் செவிலியின் பதினெட்டு உருப்படிகளைப் பற்றி, அல்லது உடைந்த தட்டைப் பற்றி. சிரிப்புச் சத்தம் வேண்டாம். கிரிஸ்பினின் படங்களைக் காட்டுவதானால் அனுமதி கேட்டு, அவர் பெயரைப் போடுங்கள். மோக்காவின் கல்லறையைக் காட்டினால் லாரன்ஸ் மோக்கா என்று பெயர் சொல்லுங்கள். அந்தப் பெயருக்காக 47 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் பழைய மனநோய் விடுதிக் கட்டடம் எதையாவது படமெடுக்கப் போனால், அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் யாராவது பக்கத்துத் தெருவில் இருப்பார்கள், அவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். இன்னும் சில ஆண்டுகளில் அவர்களும் இருக்கமாட்டார்கள்.

ஏற்கெனவே போட்ட வில்லர்ட் வீடியோவை என்ன செய்வது என்று கேட்டால், தம்ப்நெயிலில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைக் கண் பெண்ணை முதலில் எடுத்துவிடுங்கள். தலைப்பை மாற்றுங்கள். விளக்கப் பெட்டியில், மனநல உதவிக்கு இந்திய அரசு இலவசமாக நடத்தும் டெலி மானஸ் எண் 14416-ஐப் போடுங்கள். தமிழிலும் பேசுவார்கள். இதைச் செய்ய ஐந்து நிமிஷம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளன் ஒருவன்